வாடகைப் படகில் தொடங்கிய கடற்படை

1950ஆம் ஆண்டில் சீனக் கடற்படையின் முதல் தளபதி ஷியாவ் ஜின்குவாங், ஷாண்டோங் மாகாணக் கரைக்கு எதிரே உள்ள லியூகோங் தீவைப் பார்வையிடக் கிளம்பினார். தளபதி இருந்தார், பதவி இருந்தது, போவதற்குக் கப்பல்தான் இல்லை. மீனவர் ஒருவரின் படகை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்த தீவும் சாதாரண இடமல்ல. மஞ்சு அரசர்கள் காலத்தில் ஆசியாவிலேயே வலிமை மிக்கது என்று பெயரெடுத்த பெய்யாங் கடற்படையின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அந்தப் படையின் பெருமைக்குரிய இரண்டு இரும்புக் கவசக் கப்பல்களும் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. 1888க்குப் பிறகு வாங்குவது நின்றுபோனது. பணத்தின் ஒரு பகுதி பேரரசியின் கோடை அரண்மனைக்குப் போனது. 1894 செப்டம்பரில் யாலு ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் ஜப்பானியரிடம் அடிவாங்கி, அடுத்த பிப்ரவரியில் அதே லியூகோங் தீவில் மிச்சமிருந்த கப்பல்களும் சரணடைந்தன. இழந்த கப்பலுக்கு மாற்றுக் கப்பல் கட்டித் தர உள்நாட்டில் தக்க ஆலை இல்லை. வாங்கிய கடற்படை ஒரே போரோடு முடிந்துபோனது.

இன்று அதே நாட்டின் கடற்படை, கப்பல்களின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, சீனாவிடம் 370க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் உள்ளன என்றது. சிறிய ஏவுகணைப் படகுகள் அறுபது போல இருக்கின்றன. அவை இந்தக் கணக்கில் வரவில்லை. 2030க்குள் இது 435 ஆகும் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு. அமெரிக்கக் கடற்படை முந்நூறுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. இந்த எண்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் மிதக்கும் கப்பல்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. சீனக் கடற்படையின் உண்மையான பலம் கரையில் இருக்கிறது: ஒரு வடிவமைப்பைத் தேற்றி, அதையே வரிசையாகக் கட்டித் தள்ளும் கப்பல் தளங்களில். படம் பிடித்துக் காட்டப்படும் விமானம் தாங்கிகளைவிட, அந்தத் தளங்களின் வேகமே இந்த நூற்றாண்டின் கடல் அரசியலைத் தீர்மானிக்கப்போகிறது.

இந்த வேகம் ஒரே நாளில் வரவில்லை. 1954, 55 வாக்கில் சோவியத் ஒன்றியத்திடமிருந்து நான்கு பழைய நாசகாரிக் கப்பல்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வடிவமைப்பு. ஆனாலும் வேறு கதியில்லாததால் கோயில் வாசல் காவல் தெய்வங்களைப் போல அவற்றை 'நான்கு வச்சிரர்கள்' என்று செல்லமாக அழைத்தார்கள். சொந்தமாகக் கட்டிய முதல் நாசகாரி படையில் சேர 1971 ஆயிற்று. கரையைக் காப்பதுதான் வேலை, அதற்கு இவ்வளவு போதும் என்ற எண்ணத்தை மாற்றியவர் 1982 முதல் 1988 வரை தளபதியாக இருந்த லியூ ஹுவாசிங். 1980இல் அமெரிக்காவின் கிட்டி ஹாக் விமானம் தாங்கியை அவர் சுற்றிப் பார்த்தபோது, ஒரு விமானத்தை எட்டிப் பார்க்கக் கால்விரல் நுனியில் நிற்கும் புகைப்படம் சீனாவில் மிகவும் பிரபலம். ஜப்பானிலிருந்து தைவான் வழியாக பிலிப்பைன்ஸ் வரை நீளும் தீவுச் சங்கிலிக்கு உட்பட்ட கடலைக் கைக்குள் வைக்க வேண்டும், பிறகு அதைத் தாண்ட வேண்டும் என்ற படிப்படியான கணக்கு அவருடையது. கணக்கு இருந்தது, கப்பல் இல்லை. 1996இல் தைவான் தேர்தலை ஒட்டி சீனா ஏவுகணைகளைக் கடலில் விழச்செய்து மிரட்டியபோது, அமெரிக்கா இரண்டு விமானம் தாங்கிக் குழுக்களை அனுப்பியது. பெய்ஜிங்கால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த அவமானம் கஜானாவைத் திறந்தது.

முதலில் செய்தது மீண்டும் வாங்குவதுதான். ரஷ்யாவிடமிருந்து நான்கு நாசகாரிகள், பன்னிரண்டு கிலோ ரக நீர்மூழ்கிகள். உக்ரைனிலிருந்து கப்பல்களுக்கான வாயுச்சுழலி எஞ்சின்கள். அதே உக்ரைனின் நிகோலாயேவ் தளத்தில் பாதி கட்டி துருப்பிடித்துக் கிடந்த 'வர்யாக்' என்ற விமானம் தாங்கியை 1998இல் ஹாங்காங் தொழிலதிபர் ஒருவர் 2 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி ஆக்கப்போகிறோம் என்று காரணம் சொல்லப்பட்டது. எஞ்சின் ஓடாத, இழுத்துச் செல்லப்படும் அந்தக் கூட்டைத் தன் நீரிணை வழியே விட துருக்கி ஓராண்டுக்கும் மேல் மறுத்தது. சூயஸிலும் இடம் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 2002 மார்ச்சில் டாலியன் துறைமுகம் வந்து சேர்ந்தது. சூதாட்ட மேஜைகள் வரவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பரில், அது 'லியாவ்னிங்' என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதைவிடக் கவனிக்கத் தக்கது, அதே காலத்தில் பெரிய ஆரவாரமில்லாமல் நடந்த வேறொன்று. 1990களிலிருந்து 2005 வாக்கு வரை சீனா கட்டிய நாசகாரிகளின் பட்டியலைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். ஒரு வகையில் இரண்டு கப்பல், அடுத்த வகையில் ஒன்று, அதற்கடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் இரண்டு. ஒன்றில் அமெரிக்க எஞ்சின், இன்னொன்றில் உக்ரைன் எஞ்சின். ஒன்றில் ரஷ்ய ஏவுகணை, மற்றொன்றில் சொந்த ஏவுகணை. அன்றைய வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் இதைத் தடுமாற்றம் என்று படித்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதைப் போல, கட்டிக் கடலில் விட்டு, எது ஓடுகிறது, எது உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பதம் சரியாக வந்ததும் உலை பெரிதாயிற்று. நான்கு பக்கமும் ரேடார் தகடுகள் பதித்த 052சி வகையில் முதலில் இரண்டு, பிறகு நான்கு. அதைத் திருத்தி, 64 செங்குத்து ஏவுகுழாய்கள் கொண்ட 052டி வகை. அதன் முதல் கப்பல் 'குன்மிங்' 2014 மார்ச்சில் வந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த வகை ஏறத்தாழ முப்பதைத் தொட்டுவிட்டது. ஃபிரிகேட் எனப்படும் நடுத்தரக் கப்பலில் 054ஏ வகை 2008இல் தொடங்கி நாற்பது. 112 ஏவுகுழாய்களும் 12,000 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட 055 வகையின் முதல் கப்பல் 'நான்சாங்' 2020 ஜனவரியில் சேர்ந்தது; அதற்கு முன்பே, 2018 ஜூலையில், டாலியன் தளம் ஒரே நாளில் இரண்டு 055 கப்பல்களை நீரில் இறக்கியிருந்தது. 2021 ஏப்ரல் 23 அன்று ஹைனான் தீவின் சான்யா துறைமுகத்தில் ஒரு 055 நாசகாரி, ஒரு அணுசக்தி நீர்மூழ்கி, ஹெலிகாப்டர்களையும் படையினரையும் சுமக்கும் ஒரு பெரிய தரையிறக்கக் கப்பல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் கொடி ஏற்றிக்கொண்டன. அதிபர் ஷி ஜின்பிங் ஒரே பயணத்தில் மூன்று விழாக்களை முடித்துக்கொண்டார்.

இவற்றைவிடவும் என்னை யோசிக்கவைப்பது 056 என்ற சின்னக் கப்பல். ஆயிரத்து ஐந்நூறு டன் அளவு, கரைக்கு அருகே காவல் சுற்றும் கார்வெட் ரகம். நான்கு தளங்களில் பங்கிட்டு, 2013க்கும் 2021க்கும் இடையில் 72 கப்பல்களைப் படையில் சேர்த்தார்கள். பிறகு, நீர்மூழ்கி தேடும் இழுவைக் கருவி இல்லாத முதல் ரக 22 கப்பல்களை, பத்து வயதுகூட ஆகாத நிலையில், கடலோரக் காவல் படைக்குக் கொடுத்துவிட்டார்கள். பல நாடுகளின் மொத்தக் கடற்படையே அவ்வளவு கப்பலுக்கு வராது. புதியதைச் சலிப்பில்லாமல் கைமாற்றிவிடும் துணிச்சல், அதற்கு மாற்று நாளையே வரும் என்ற நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் வரும்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? வணிகக் கப்பலிலிருந்து. இன்று உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல்களில், கொள்ளளவுக் கணக்கில், பாதிக்கு மேல் சீனாவில் உருவாகின்றன. அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே. அரசுக்குச் சொந்தமான சீனக் கப்பல் கட்டும் கழகம் 2024 என்ற ஒரே ஆண்டில் கட்டிய வணிகக் கப்பல்களின் எடை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா மொத்தமாகக் கட்டியதைவிட அதிகம் என்று வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு மையம் கணக்கிட்டது. வணிகக் கப்பல் கட்டுவது வேறு, போர்க்கப்பல் கட்டுவது வேறு என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்புதான். எண்ணெய்க் கப்பல் கட்டத் தெரிந்தவருக்கு ஏவுகணைக் குழாய் பொருத்தத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கப்பல் தளத்தின் பெருஞ்செலவு ஏவுகணையில் மட்டும் இல்லை. எஃகு வெட்டும் கூடம், ஆயிரம் டன் தூக்கும் பாரந்தூக்கி, உலர்துறை, பற்றவைக்கும் கைகள், குழாய் இழுக்கும் கைகள், இவர்கள் அத்தனை பேருக்கும் ஆண்டு முழுக்க வேலை. போர்க்கப்பல் ஆர்டர் இல்லாத மாதங்களில் அமெரிக்கத் தளம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது. ஷாங்ஹாய்த் தளத்தில் அதே கைகள் கொள்கலன் கப்பலுக்குத் திரும்புகின்றன. 1865இல் ஆயுதச் சாலையாகத் தொடங்கிய ஜியாங்னான் தளம் 2010 உலகக் கண்காட்சிக்கு இடம் விட்டு சாங்ஷிங் தீவுக்குக் குடிபெயர்ந்தது. புதிய விமானம் தாங்கி 'ஃபூஜியன்' கட்டப்பட்டது அங்கேதான். வெளிநாட்டு நிறுவனங்களின் சரக்குக் கப்பல்கள் கட்டப்படுவதும் அதே தளத்தில்தான். இன்னும் வேடிக்கை, பக்கத்தில் உள்ள ஹூடோங் தளம். படையினரைக் கரையிறக்கும் பெரிய கப்பல்களைக் கட்டுவது அது. அங்கேதான் தைவானின் எவர்கிரீன் நிறுவனம் 24,000 பெட்டிகளைச் சுமக்கும் கப்பல்களை வாங்கியது. எந்தத் தீவில் இறங்குவதற்காக ஒரு பக்கம் கப்பல் கட்டப்படுவதாக உலகம் அஞ்சுகிறதோ, அந்தத் தீவின் பணமும் அதே தளத்துக்கு வருமானம்.

எண்ணிக்கை பெரிதென்றாலும் எடையில் அமெரிக்கா எங்கோ இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. அமெரிக்காவிடம் பதினொரு விமானம் தாங்கிகள். எல்லாம் அணுசக்தியில் ஓடுபவை, ஒவ்வொன்றும் லட்சம் டன் அளவில். சீனாவிடம் மூன்று. லியாவ்னிங்கும் 2019இல் வந்த ஷாண்டோங்கும் மூக்கு நிமிர்ந்த ஓடுதளம் கொண்டவை. அதிலிருந்து எழும் விமானம் முழு எரிபொருளோடும் குண்டோடும் கிளம்ப முடியாது. 2025 நவம்பரில் சேர்ந்த ஃபூஜியனில்தான் மின்காந்த விசையால் விமானத்தை உந்திவிடும் அமைப்பு இருக்கிறது. அதுவும் சாதாரண எரிபொருளில் ஓடும் கப்பலே. ஏவுகணைக் குழாய்களின் மொத்தக் கணக்கிலும் அமெரிக்காவே முன்னே நிற்கிறது. ஆனால் அந்த அமெரிக்கப் படை அட்லாண்டிக், மத்தியதரைக் கடல், வளைகுடா, பசிபிக் என்று பரந்து கிடக்கிறது. சீனப் படையின் பெரும்பகுதி தன் வீட்டு வாசலிலேயே, கரையிலிருந்து பறக்கும் விமானங்களின், ஏவுகணைகளின் நிழலிலேயே நிற்கிறது. வயதும் ஒரு கணக்கு: சீனப் போர்க்கப்பல்களில் சுமார் 70 சதவீதம் 2010க்குப் பிறகு நீரில் இறங்கியவை, அமெரிக்காவில் அது நான்கில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேல், இன்றைய எடைக் கணக்கு போரின் முதல் நாளுக்கு மட்டுமே செல்லும். 1942இல் பசிபிக்கில் ஜப்பானின் விமானம் தாங்கிகள் அமெரிக்காவுடையவற்றை விட அதிகமாகவே இருந்தன. 1945இல் முடிவை எழுதியது அமெரிக்கத் தளங்கள். லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டினார்கள். அதில் ஒன்று ஐந்து நாளுக்குள் முடிந்தது. அந்தத் திறமை இன்று எந்தக் கரையில் இருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2020இல் புதிய ஃபிரிகேட் வகை ஒன்றைக் கட்ட அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. இத்தாலிய வடிவமைப்பை எடுத்துக்கொண்டு, அதில் மாற்றம் மேல் மாற்றம் செய்து, முதல் கப்பலே மூன்று ஆண்டு தாமதம் என்ற நிலையில், 2025 நவம்பரில் இரண்டு கப்பல்களோடு திட்டத்தை நிறுத்திவிட்டது.

சீன மாலுமிகளுக்குப் போர் அனுபவம் இல்லை என்று சொல்வதை நான் இவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். அவர்களின் கடைசிக் கடல் மோதல் 1988இல், ஜான்சன் தெற்குப் பவளத் திட்டில். 64 வியட்நாம் வீரர்கள் இறந்த அந்தச் சம்பவத்தைச் சண்டை என்பதா என்பதே கேள்வி. 2003இல் 361 என்ற நீர்மூழ்கிக்குள் எழுபது பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். 2024இல் வூஹானில் புத்தம் புதிய நீர்மூழ்கி ஒன்று துறையிலேயே மூழ்கியதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். பெய்ஜிங் வாய் திறக்கவில்லை. ஊழலும் சேர்ந்துகொண்டது. கடற்படையிலிருந்து உயர்ந்து மத்திய ராணுவ ஆணையத்தில் அரசியல் பொறுப்பு வகித்த அட்மிரல் மியாவ் ஹுவா 2024 நவம்பரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உண்மையைச் சொல்லப் பயப்படும் அதிகாரிகள் நடத்தும் கப்பல், ஒத்திகையில் பளபளப்பதும் போரில் திணறுவதும் வரலாற்றில் புதிதல்ல. இருந்தாலும், அனுபவம் என்பது துப்பாக்கிச் சத்தம் மட்டுமல்ல. 2008 டிசம்பர் 26 அன்று மூன்று கப்பல்கள் சான்யாவிலிருந்து ஏடன் வளைகுடாவுக்குக் கடற்கொள்ளையரை விரட்டக் கிளம்பின. அன்று முதல் அந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. ஒரு குழு திரும்பும் முன் இன்னொரு குழு போய்ச் சேர்கிறது. நடுக்கடலில் எண்ணெய் நிரப்புவது, உடைந்த எஞ்சினை ஊருக்குத் தள்ளி நின்று பழுது பார்ப்பது, மாதக்கணக்கில் ஆட்களைச் சோர்வடையாமல் வைப்பது எல்லாம் பழகிவிட்டன. 2015இல் ஏமனில் சிக்கியவர்களை மீட்டுவந்த கப்பல்கள் இந்த வரிசையில் இருந்தவைதான். தளபதிகளின் மனத்திண்மையை இது சோதிக்கவில்லை. கப்பலோட்டிகளின் கைப்பழக்கத்தைச் சோதித்துவிட்டது.

என் கணிப்பில் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. படையின் சேர்மானத்தைப் பாருங்கள்: சண்டைக் கப்பல்கள் நிறைய, அவற்றுக்குச் சோறும் எண்ணெயும் கொண்டுபோகும் துணைக்கப்பல்கள் கொஞ்சம். விமானம் தாங்கிக் குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பெரிய விநியோகக் கப்பல்கள் இரண்டுதான் கடலில் இருக்கின்றன. வெளிநாட்டில் முறையான தளம் ஜிபூட்டியில் 2017இல் திறந்த ஒன்று. கம்போடியாவின் ரியாம் துறைமுகத்தில் 2025இல் ஒரு கூட்டு மையம். சத்தம் குறைந்த அணுசக்தி நீர்மூழ்கி கட்டுவதில் இன்னும் பின்னடைவு. இன்னொரு தொல்லை பத்து, பதினைந்து ஆண்டு கழித்து வரும்: ஒரே சமயத்தில் கட்டிய கப்பல்கள் ஒரே சமயத்தில் பழுதுக்கு வரும். கட்டிக்கொண்டே இருக்கும் தளத்துக்கு நின்று பழுது பார்க்க நேரம் இருக்குமா என்பது அப்போது தெரியும். ஆக, தைவான் நீரிணையிலும் தென்சீனக் கடலிலும் மலைபோல நிற்கும் படை, மலாக்காவைத் தாண்டியதும் மெலிந்துவிடுகிறது. இந்தியப் பெருங்கடலில் அது படை என்ற உருவத்தைவிட வருகை என்ற உருவத்திலேயே தென்பட்டிருக்கிறது. 2014இல் கொழும்புத் துறைமுகத்தில் நீர்மூழ்கி வந்து நின்றது, 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்தது. ஒவ்வொரு முறையும் டெல்லி பதறியது. பதற்றத்துக்குக் காரணம் உண்டு என்றாலும், ஒற்றைக் கப்பல் துறைமுகத்துக்கு வருவதும் ஒரு படை கடலைப் பிடிப்பதும் ஒன்றல்ல.

இந்தியா அந்தக் கப்பலைவிட அதைக் கட்டிய வேகத்தைப் பார்த்துப் பதறியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். சீனாவின் குன்மிங் படையில் சேர்ந்த அதே 2014ஆம் ஆண்டில் இந்தியாவின் 'கொல்கத்தா' நாசகாரியும் சேர்ந்தது. தரத்தில் சளைத்த கப்பலல்ல. கட்டுமானம் 2003இல் தொடங்கியது, பதினோர் ஆண்டு பிடித்தது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை வந்தவை ஏழு. கடைசிக் கப்பல் 'சூரத்' 2025 ஜனவரியில் வந்தது. அதே காலத்தில் சீனா சேர்த்த நாசகாரிகள் அதைப்போல ஐந்து மடங்கு. ஒரு கப்பலின் வடிவமைப்பை முடிப்பதிலும், எஃகு வாங்குவதிலும், எஞ்சின் வருவதற்காகக் காத்திருப்பதிலும் நம் ஆண்டுகள் கரைகின்றன. மும்பையின் மசகான் தளத்துக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் பக்கத்தில் ஆண்டு முழுக்க ஓடும் பெரிய வணிகக் கப்பல் தொழில் இல்லை.

2022 ஆகஸ்ட் 7 அன்று, யுவான் வாங் வருவதற்குச் சில நாள் முன்பு, வேறொரு கப்பல் நம் கரைக்கு வந்தது. 'சார்ல்ஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல். வந்த இடம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளம். வந்த காரியம் பழுதுபார்ப்பு. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியத் தளத்தைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டே அந்தத் தளத்தோடு அமெரிக்கா ஐந்தாண்டு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. அம்பாந்தோட்டைக் கப்பலுக்குத் தலைப்புச் செய்தி கிடைத்தது; காட்டுப்பள்ளிக் கப்பல் உள்பக்கத்தில் நான்கு பத்தியோடு நின்றது. எடையில் உலகின் ஆகப் பெரிய கடற்படை தன் கப்பலைச் சரிசெய்ய எண்ணூருக்கு அப்பால் உள்ள ஒரு கப்பல் தளம்வரை வரவேண்டியிருந்தது என்பது, அந்த வாரத்தின் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.